மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’... ஆங்கிலத்தில் எந்தச் சொல்லுக்கு எது ஜோடி?

கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஊர் பேத்துப்பாறை. தோட்டமும் காடும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் கிராமம். அஞ்சுவீடு அருவியைத் தேடி வருகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். ‘தோட்டத்துக்குள் யானைகள் புகுந்தன’ என்ற செய்தியிலும் இந்தப் பெயர் அடிக்கடி அடிபடும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பம், வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று வரப்போகும் விருந்தினர் வெளிமாநிலத்துக்காரர். தமிழ் தெரியாது. மாலை நான்கு மணிக்கே மலை இருட்டிவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறார்.

“பாப்பா, அவங்களுக்கு ஒரு மெசேஜ் போடு. இங்க மழை பலமா பெய்யுது, காத்தும் பலமா அடிக்குது, பனி வேற மூடிக்கிட்டு நிக்குது. ராத்திரியில வண்டி ஓட்டிக்கிட்டு வர வேணாம், ரோட்டுல யானை நிக்கும்னு சொல்லிடு.”

பிளஸ் டூ முடித்த மகள் போனை எடுக்கிறாள். பலம் என்றால் பவர். எனவே ‘பவர்ஃபுல் ரெயின்’. பனி என்றால் ஸ்நோ. எனவே ‘ஹெவி ஸ்நோ’. எழுத்துப்பிழை இல்லை. போன் சிவப்புக் கோடு எதுவும் போடவில்லை. ஆனாலும் ஏதோ இடிக்கிறது. அனுப்புவதற்கு முன் விரல் தயங்குகிறது.

அந்தத் தயக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், அலுவலக மெயில் அனுப்பும்போதும் சொற்கள் தெரிந்திருந்தும் எந்தச் சொல்லை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் நிற்கிறோம்.

இலக்கணம் சரி... ஆனாலும் தப்பு!

ஆங்கிலத்தில் மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’, மூடுபனி ‘திக்’ அல்லது ‘டென்ஸ்’. ‘ஹெவி விண்ட்’, ‘ஸ்ட்ராங் ஃபாக்’ என்று எழுதினால் இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடை வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் அதைப் படித்ததும் ஒரு நொடி நிற்பார்.

இப்படி வழக்கமாகச் சேர்ந்தே வரும் சொற்களைத்தான் ஆங்கிலத்தில் ‘கலோகேஷன்’ என்கிறார்கள். தமிழில் சொற்சேர்க்கை என்று சொல்லலாம்.

‘மழைக்கு எடையா இருக்கிறது, ஏன் ஹெவி?’ என்று கேட்கலாம். நாமும் ‘கனமழை’ என்றுதானே சொல்கிறோம்! 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் அது ‘ஹெவி ரெயின்’. தமிழ்ச் செய்தியில் கனமழை. ஆனால் ‘கனக்காற்று’ என்று யாரும் எழுதுவதில்லை. பலத்த காற்று, சூறைக்காற்று என்போம். காரணம் கேட்டால் ‘அப்படித்தான் சொல்வார்கள்’ என்பதுதான் பதில். ஆங்கிலத்துக்கும் அதே பதில்தான்.

நமக்கு இது புதிதல்ல

இந்த விஷயத்தில் தமிழர்கள் பயப்பட வேண்டியதே இல்லை. இது நம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், யானை பிளிறும் என்று மனப்பாடம் செய்தோமே, அது வேறென்ன? கூடை முடைவார்கள், பானை வனைவார்கள், கூரை வேய்வார்கள். மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல், தென்னைக்குக் குரும்பை. எல்லாமே பிஞ்சுதான். ஆனால் ‘தென்னம்பிஞ்சு’ என்று சொன்னால் பாட்டி சிரிப்பார்.

தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்று பெயர். எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் பொருந்தும், ஆணை எப்படிச் சொல்வது, பெண்ணை எப்படிச் சொல்வது என்று அங்கே பட்டியலே இருக்கிறது. நன்னூல் ஒரு படி மேலே போய், மொழியில் நேரும் வழுக்களை ஏழாகப் பிரிக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை ஆகிய ஆறோடு ஏழாவதாக வருவது மரபுவழு. திணையும் பாலும் காலமும் சரியாக இருந்தும் மரபு தவறினால் அதுவும் வழுதான். ‘பவர்ஃபுல் ரெயின்’ என்பதை நன்னூல் ஆசிரியரிடம் காட்டியிருந்தால் ‘மரபுவழு’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்.

சில இடங்களில் இரண்டு மொழிகளும் ஒன்றாகவே நடக்கின்றன. யானைக்கன்று என்பது பழைய மரபு. ஆங்கிலத்திலும் யானையின் குட்டிக்கும் பசுவின் கன்றுக்கும் ஒரே சொல், ‘காஃப்’. கட்டணம் செலுத்துகிறோம், கவனம் செலுத்துகிறோம், அஞ்சலி செலுத்துகிறோம். ஆங்கிலத்திலும் மூன்றுக்கும் ‘பே’ என்ற ஒரே வினைதான். ‘பே எ ஃபீ’, ‘பே அட்டென்ஷன்’, ‘பே ட்ரிப்யூட்’. இப்படி ஒத்துப்போகிற இடங்களில் நாம் தவறுவதே இல்லை. ஒத்துப்போகாத இடங்களில்தான் தடுக்கி விழுகிறோம்.

லாகூரிலும் டோக்கியோவிலும் பிறந்த பாடம்

ஆங்கிலேயர்களுக்கே இது பெரிய விஷயமாகத் தோன்றியது, மற்றவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனபோதுதான். ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் 1922-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கே மாணவர்களுக்கு இலக்கணமும் சொற்களும் தெரிந்திருந்தும் எழுத்து ஓடவில்லை. சேர்ந்து வரும் சொற்களைத் திரட்டி 1933-ல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். அவரோடு பணியாற்றிய ஏ.எஸ். ஹார்ன்பியும் இரண்டு சக ஆசிரியர்களும் தொகுத்த அகராதி, 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. அதையே 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. நம் ஊர்ப் பள்ளி நூலகங்களில் இருக்கும் தடிமனான ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் அதுதான்.

‘கலோகேஷன்’ என்ற சொல்லை மொழியியலில் நிலைநிறுத்திய ஜே.ஆர். ஃபர்த், 1920-களில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய மாணவர் மைக்கேல் ஹாலிடே 1966-ல் இதை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம், டீ. ஆங்கிலத்தில் டீ ‘ஸ்ட்ராங்’காக இருக்கும், ‘பவர்ஃபுல்’லாக இருக்காது. நம் டீக்கடைகளில் யாரும் இந்தத் தப்பைச் செய்வதில்லை. ‘அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்றுதான் கேட்கிறோம். ஜோடியாகவே காதில் விழுந்து, ஜோடியாகவே நாக்கில் ஏறியது அது. மற்ற ஜோடிகளும் அப்படித்தான் ஏற வேண்டும்.

ஒரு தமிழ்ச் சொல், ஐந்து ஆங்கிலச் சொல்

பிழைகளில் பெரும்பாலானவை எங்கிருந்து வருகின்றன? தமிழில் ஒரே சொல் பல இடங்களில் உட்காரும். ஆங்கிலத்தில் இடத்துக்கு இடம் ஆள் மாறும்.

‘கடும்’ என்பதைப் பாருங்கள். கடும் உழைப்பு என்றால் ‘ஹார்ட் வொர்க்’. கடும் காய்ச்சல் என்றால் ‘ஹை ஃபீவர்’. கடும் போட்டி என்றால் ‘டஃப் காம்பெடிஷன்’. கடும் குளிர் என்றால் ‘பிட்டர் கோல்ட்’. கடும் போக்குவரத்து நெரிசல் என்றால் ‘ஹெவி டிராஃபிக்’. நமக்கு ஒரே கடும். அவர்களுக்கு ஐந்து.

‘போடு’ என்ற வினை இன்னும் சுவாரஸ்யம். டீ போடுவது ‘மேக் டீ’. ஊசி போடுவது ‘கிவ் அன் இன்ஜெக்ஷன்’. சத்தம் போடுவது ‘மேக் எ நாய்ஸ்’. சண்டை போடுவது ‘ஹேவ் எ ஃபைட்’. லைட் போடுவது ‘டர்ன் ஆன் த லைட்’. இதில் எங்கேயுமே ‘புட்’ கிடையாது.

‘செய்’ என்றாலும் அதே கதை. தவறு செய்வது ‘மேக் எ மிஸ்டேக்’. வீட்டுப்பாடம் செய்வது ‘டூ ஹோம்வொர்க்’. குற்றம் செய்வது ‘கமிட் எ க்ரைம்’. ‘டூ எ மிஸ்டேக்’ என்று எழுதினால் அதுவே ஒரு மிஸ்டேக்.

மாத்திரை சாப்பிட்டேன் என்பதை ‘ஈட் மெடிசின்’ என்று எழுதக் கூடாது, ‘டேக் மெடிசின்’. கனவு கண்டேன் என்பது ‘சீ எ ட்ரீம்’ அல்ல, ‘ஹேவ் எ ட்ரீம்’. கொடைக்கானலுக்கு வருகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. ‘இ-பாஸ் எடுத்துட்டு வாங்க’ என்று நாம் சொல்வதை ‘டேக் அன் இ-பாஸ்’ என்று எழுதாமல், ‘கெட் அன் இ-பாஸ்’ என்று எழுத வேண்டும்.

மலைக்காரர்களுக்கு மிக முக்கியமானது ‘பனி’. புல் மேல் நிற்கும் பனித்துளி ‘டியூ’. பள்ளத்தாக்கை மூடும் பனி ‘ஃபாக்’ அல்லது ‘மிஸ்ட்’. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியை வெளுப்பாக்கும் உறைபனி ‘ஃப்ராஸ்ட்’. இமயமலையில் கொட்டுவதுதான் ‘ஸ்நோ’. கொடைக்கானலில் ‘ஹெவி ஸ்நோ’ என்று எழுதினால், வருகிறவர் பனிக்கட்டியில் விளையாடப் பிள்ளைகளுக்குக் கையுறை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். ஃபாக்கும் மிஸ்ட்டும்கூட ஒன்றல்ல. ஒரு கிலோமீட்டருக்கு உள்ளேயே பார்வை மறைந்தால் ஃபாக். அதைவிடத் தள்ளித் தெரிந்தால் மிஸ்ட். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு உயிர் விஷயம்.

கூட வரும் குட்டிச் சொற்கள்

‘இன்’, ‘அட்’, ‘ஃபார்’ போன்ற குட்டிச் சொற்களும் ஜோடி பார்த்துத்தான் சேரும். தமிழ் வேற்றுமை உருபை அப்படியே மாற்றிப் போடுவதால் வரும் பிழைகள் இவை.

‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதுகிறோம். ‘டிஸ்கஸ்’ஸுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது. அபவுட் தேவையில்லை. ‘கணக்கில் கெட்டிக்காரி’ என்பதால் ‘குட் இன் மேத்ஸ்’ என்கிறோம். சரியான ஜோடி ‘குட் அட் மேத்ஸ்’. ‘அவரோடு கல்யாணம்’ என்பதால் ‘மேரீட் வித்’ வருகிறது. எழுத வேண்டியது ‘மேரீட் டு’. காலையில் என்பது ‘இன் த மார்னிங்’. ஆனால் இரவில் என்பது பெரும்பாலும் ‘அட் நைட்’.

‘வேலைக்கு விண்ணப்பித்தேன்’, ‘கல்லூரிக்கு விண்ணப்பித்தேன்’. இரண்டிலும் நமக்கு ஒரே ‘க்கு’தான். ஆங்கிலத்தில் வேலைக்கு ‘அப்ளை ஃபார்’, கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் ‘அப்ளை டு’.

விண்ணப்பத்தில் மயங்கி விழலாமா?

இவ்வளவு பார்த்துத்தான் எழுத வேண்டுமா? பொருள் புரிந்தால் போதாதா?

பல இடங்களில் போதும். ‘பவர்ஃபுல் ரெயின்’ என்றாலும் அந்த விருந்தினருக்கு மழை என்று புரியத்தான் போகிறது. நமக்குள் எழுதிக்கொள்ளும்போது இந்திய ஆங்கிலத்துக்கென்றே உள்ள வழக்குகளில் தவறில்லை. ‘பிரிபோன்’ என்ற நம் ஊர்ச் சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இடம் கொடுத்துவிட்டது. ‘டேக் எ டெசிஷன்’ என்று பிரிட்டிஷாரும் எழுதுகிறார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘மேக் எ டெசிஷன்’ என்பார்கள்; பிரிட்டிஷாரும் அப்படிச் சொல்வதுண்டு. இதையெல்லாம் தப்பு என்று தலையில் குட்ட வேண்டியதில்லை.

ஆனால், சில ஜோடிகள் பொருளையே புரட்டிவிடும். ‘நான் 2023-ல் கல்லூரி முடித்தேன்’ என்பதை ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2023’ என்று எழுதுவது நம்மிடம் சகஜம். ராணுவ அதிகாரிகள் பயிற்சியை முடிக்கும் நாளில் நடப்பது ‘பாஸிங் அவுட் பரேட்’. அந்த இடத்தில் அது சரி. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தில் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு ‘பாஸ்டு அவுட்’ என்றால் முதலில் தோன்றும் பொருள் ‘மயங்கி விழுந்தேன்’. ‘கிராஜுவேட்டட் ஃப்ரம்’ என்று கல்லூரிப் பெயரைச் சேர்த்து எழுதினால் வம்பே இல்லை.

அதேபோல, ‘எனக்கு ஒரு டவுட்’ என்று வாடிக்கையாளருக்கு ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று எழுதினால், நம் மேல் நம்பிக்கை இல்லையோ என்று அவர் நினைக்கக்கூடும். கேட்க வேண்டியது கேள்விதான் என்றால் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’.

நூறு விண்ணப்பங்களை வரிசையாகப் படிப்பவர், ஒவ்வொரு வரியிலும் தடுக்கினால் அடுத்ததை எடுத்துவிடுவார். எழுதியவருக்கு வேலை தெரியுமா, தெரியாதா என்று பார்க்கும் இடத்துக்கே அவர் வருவதில்லை. மலையிலும் கிராமத்திலும் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இதனால் நேரும் இழப்பு பெரிது. திறமை குறைந்து அல்ல, ஜோடி மாறிப்போய் வாய்ப்பு நழுவுகிறது.

யார் முன்னே, யார் பின்னே?

இரட்டையாக வரும் சொற்களிலும் வரிசை உண்டு. நாம் கறுப்பு வெள்ளை என்கிறோம், அவர்களும் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ என்கிறார்கள். லாப நஷ்டம் என்பதும் ‘ப்ராஃபிட் அண்ட் லாஸ்’ஸும் ஒரே வரிசை. ஆனால் நாம் மணமக்களை மணமகன், மணமகள் என்று வரிசைப்படுத்தினால், ஆங்கிலத்தில் பெண்தான் முதல், ‘பிரைட் அண்ட் க்ரூம்’. திருமண அழைப்பிதழை மொழிபெயர்க்கும்போது இது நினைவிருக்கட்டும். ‘தோட்டம் துரவு’ என்பதை யாராவது ‘துரவு தோட்டம்’ என்றால் நம் காது எப்படிச் சுளிக்குமோ, ‘பெப்பர் அண்ட் சால்ட்’ என்று மெனு கார்டில் எழுதினால் அவர்கள் காதுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு உப்பு முதலில், மிளகு பிறகு.

பழகுவது எப்படி?

1. சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள். ‘ரெயின் என்றால் மழை’ என்று எழுதி வைப்பதற்குப் பதிலாக ‘ஹெவி ரெயின்’ என்று ஜோடியாக எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று ஜோடி போதும். ஒரு வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

2. அகராதியில் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். எழுதும்போது ‘மிஸ்டேக்’ நினைவுக்கு வந்துவிடும். அதோடு வரும் வினைதான் வராது. இதற்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு 2002-ல் தனியாக ஒரு சொற்சேர்க்கை அகராதி வெளியிட்டது. பெயர்ச்சொல்லைப் பார்த்தால் அதோடு சேரும் வினைகளும் அடைகளும் அடுத்தடுத்து இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மாணவர் அகராதிகளை போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். பொருளோடு நின்றுவிடாமல் கீழே இருக்கும் உதாரண வாக்கியங்களைப் படியுங்கள்.

3. சந்தேகம் வந்தால் இரண்டு சொற்களையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். எத்தனை முறை வருகிறது என்பதைவிட, யார் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல செய்தித்தாள்களில் அந்த ஜோடி வருகிறதென்றால் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

4. மொழிபெயர்ப்புச் செயலியிடம் ஒற்றைச் சொல்லைக் கொடுக்காதீர்கள். ‘பனி’ என்று மட்டும் கொடுத்தால் அதற்கு உங்கள் மலையைத் தெரியாது. முழு வாக்கியத்தைக் கொடுங்கள். வந்த விடையையும் அகராதியில் ஒருமுறை சரிபாருங்கள்.

5. சொந்தத் தொழிலின் ஜோடிகளை முதலில் பிடியுங்கள். அறை வாடகைக்கு விடுகிறவருக்கு ‘புக் எ ரூம்’, ‘ஹாட் வாட்டர்’, ‘செக் இன்’ போன்ற ஐம்பது ஜோடிகள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நர்ஸிங் படிப்பவருக்கு வேறு ஐம்பது. கணக்கு எழுதுகிறவருக்கு வேறு ஐம்பது.

பேத்துப்பாறை வீட்டுக்குத் திரும்புவோம். மகள் எழுதியதை அழிக்கிறாள். போனில் அகராதியைத் திறந்து ‘ரெயின்’, ‘விண்ட்’, ‘ஃபாக்’ மூன்றையும் பார்க்கிறாள். இரண்டு நிமிடம் ஆகிறது. பிறகு எழுதுகிறாள்: ‘ஹெவி ரெயின், ஸ்ட்ராங் விண்ட் அண்ட் திக் ஃபாக் ஹியர். ப்ளீஸ் டோன்ட் டிரைவ் அட் நைட். எலிஃபண்ட்ஸ் மே பி ஆன் த ரோட்.’

“என்ன பாப்பா, அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேம்மா. வத்தலக்குண்டுல தங்கிட்டு, காலையில வர்றாங்களாம்.”